மறு: மறு: 'நீதிமானாக்குதல்': வேறு சொல் உண்டா? (வெள்ளி நண்பகலுக்குள் வேண்டும்)

செந்தூல், செவ்வாய் இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

அக்டோபர் 31 சீர்திருத்த நாளையொட்டி (மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சபைச் சீர்திருத்தத்தை நினைக்கும் நாள்) கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லூத்தரன், கத்தோலிக்க, மெதடிஸ்ட் சபையார் ஒன்றாக உட்கார்ந்து படிக்க ஒரு கைப்புத்தகம் தமிழாக்குகிறேன். மனிதன் எப்படி மீட்கப்படுகிறான், ஒவ்வொரு சபையும் அதை எப்படிச் சொல்கிறது என்பதுதான் பொருள். வெள்ளி நண்பகல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் முடிந்தது, ஜஸ்டிஃபிகேஷன் என்ற ஒரு சொல்லைத் தவிர. பாவியான மனிதன் கடவுள் முன் நீதிமானாக நிற்பதைச் சொல்லும் சொல் அது.

பழைய வேதாகமத்தில் 'நீதிமானாக்குதல்'. 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'ஏற்புடையவர் ஆதல்'. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். லூத்தரன் போதனைப்படி கடவுள் பாவியைத் திருத்திவிட்டு அப்புறம் ஏற்பதில்லை. அவன் பாவியாக இருக்கும்போதே கிறிஸ்துவின் நீதியை அவனுடையதாக எண்ணி, 'நீ நீதிமான்' என்று தீர்ப்புச் சொல்கிறார். வாழ்க்கை மாறும், மாறாமல் இராது. ஆனால் தீர்ப்புக்குக் காரணம் அந்த மாற்றம் அல்ல. கத்தோலிக்கத் தரப்பில் 1547இல் திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) வேறு மாதிரி சொன்னது: பாவமன்னிப்போடு நிற்பதில்லை, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்பட்டுப் பரிசுத்தமாவதும் அதிலேயே அடக்கம்.

இப்போது சொற்களைப் பாருங்கள். 'ஆக்குதல்' என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுவது. 'ஏற்பு' என்றால் வந்தவனை வாங்கிக்கொள்வது. லூத்தரன்கள் நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லி வருவது கத்தோலிக்கக் கருத்துக்குப் பொருந்தும் சொல், கத்தோலிக்கர் எடுத்துக்கொண்டது லூத்தரன் கருத்துக்குப் பொருந்தும் சொல். கோயில் வாசலில் செருப்பு மாறிப்போன கதைதான். இதை இரண்டு பத்தியாக எதிரெதிரே அச்சடிக்க வேண்டும். என்ன செய்ய?


பட்டர்வொர்த், புதன் காலை 5.50

அம்மா, முதலில் அந்த 'நீதிமானை' விடுங்கள். வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 'மான்' ஆண்பால் விகுதி. பெண்ணுக்கு என்ன செய்வீர்கள்? ஸ்ரீமானுக்கு ஸ்ரீமதி என்றால் நீதிமானுக்கு நீதிமதியா? அப்படிப் போனால் புத்திமானின் மனைவி புத்திமதி ஆகிவிடுவாள். உங்கள் சபையில் பாதிக்கு மேல் பெண்கள் இருப்பார்களே, அவர்களுக்கெல்லாம் மீட்பு எந்தப் பாலில்?

வள்ளுவர் நடுவுநிலைமையில் 'செப்பம் உடையவன் ஆக்கம் சிதைவின்றி' என்கிறார். செப்பம் என்றால் நேர்மை. நீதிமான் என்ற கருத்துக்கு இதைவிட நல்ல தமிழ் இல்லை. தீர்ப்பாகச் சொல்லுதல் வேண்டுமென்றால் 'எனல்' சேர்த்துக்கொள்ளுங்கள். 'செப்பமெனல்'. முடிந்தது.

நான் சைவன். உங்கள் சண்டையில் எனக்குப் பங்கில்லை. 'அவன் அருளாலே அவன் தாள் வணங்கி' என்று மணிவாசகர் எப்போதோ முடித்துவிட்ட விஷயம் இது.


ஜெலுத்தோங், புதன் காலை 8.05

ஐயா, மன்னிக்கணும். 'செப்பம்' என்றதும் எனக்கு 'சாலை செப்பனிடும் பணி நடைபெறுகிறது' பலகைதான் கண்ணில் வந்தது. அப்போ கடவுள் நம்மை ரிப்பேர் செய்கிறார் என்றாகிறதே. அது மறுபடியும் 'ஆக்குதல்' தானே?

இன்னொன்று. வகுப்புக்கு வரப்போகும் பிள்ளைகள் பாதிப் பேர் மலாயில் யோசிக்கிறவர்கள். இந்தோனேசிய வேதாகமத்தில் இதற்கு 'டிபெனார்க்கான்'. நம் ஊரில் அந்தச் சொல்லை அவர்கள் தினமும் பார்ப்பது 'தீடாக் டிபெனார்க்கான் மாசோக்' பலகையில், உள்ளே நுழைய அனுமதியில்லை என்று. நீதிமானாக்கப்பட்டான் என்றால் 'அனுமதி கிடைத்தது' என்று எடுத்துக்கொள்வார்கள். யோசித்தால், அதுகூட அவ்வளவு தப்பாகப் படவில்லை.


கிள்ளான், புதன் நண்பகல் 12.30

பல வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நம் நாட்டில் தெருவில் போகிறவருக்கும் டி.என்.ஏ.ஏ. தெரியும். வழக்கிலிருந்து விடுவிப்பு, ஆனால் விடுதலை இல்லை. அரசுத்தரப்பு நினைத்தால் மறுபடியும் கூப்பிடலாம். முழு விடுதலை என்பது வேறு, மாமன்னரின் மன்னிப்பு என்பது வேறு. மன்னிப்பில் குற்றம் குற்றம்தான், தண்டனை மட்டும் போகும். முழு விடுதலையில் குற்றமே நிரூபணமாகவில்லை என்று பொருள்.

லூத்தர் சொல்வது இந்த மூன்றிலும் அடங்கவில்லை. குற்றம் நிரூபணமான ஆளை, ஒப்புக்கொண்ட ஆளை, நீதிபதி நீதிமான் என்கிறார். அப்படி ஒரு தீர்ப்பை நான் எந்தக் கோர்ட்டிலும் மொழிபெயர்த்ததில்லை. சட்டத்தமிழில் தேடாதீர்கள், கிடைக்காது.

நான் மெதடிஸ்ட். எங்கள் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நெஞ்சு அனல்கொண்டது 1738 மே 24இல், லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டபோது. ஆகவே இந்த வழக்கில் எங்களுக்கும் பாத்தியதை உண்டு. ஆனால் வெஸ்லி அதோடு நிற்கவில்லை, பரிசுத்தத்தில் வளர வேண்டும் என்று விரட்டிக்கொண்டே இருந்தார். கைப்புத்தகத்தில் எங்களுக்கு அரைப் பக்கமாவது கொடுத்திருக்கிறீர்களா?


பிரிக்பீல்ட்ஸ், புதன் இரவு 9.20

செந்தூல் தங்கச்சிக்கு, பாட்டன் காலத்து லூத்தரன் ஒருவனின் பதில்.

'ஆக்குதல்' என்றால் மாற்றுதல்தான் என்று யார் சொன்னது? வீட்டில் பணம் காணாமல் போகிறது. வேலைக்கு வந்த பையன் அழுதுகொண்டே என்ன சொல்வான்? 'என்னைத் திருடனாக்கிட்டாங்க' என்பான். அவன் திருடனாக மாறிவிட்டானா? இல்லை, திருடன் என்று முத்திரை குத்திவிட்டார்கள். 'என்னை முட்டாளாக்காதே', 'என்னைப் பொய்யனாக்காதே' எல்லாம் இதே ரகம். நீதிமொழிகள் 17:15ஐ எடுத்துப் பாருங்கள், 'துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன்' கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது. துன்மார்க்கனைத் திருத்தி நல்லவனாக்குகிறவன் மேல் கர்த்தருக்கு என்ன கோபம்? பொய்த் தீர்ப்புக் கொடுக்கும் நியாயாதிபதியைத்தான் சொல்கிறது. உபாகமம் 25:1இல் இதையே 'நீதிமான் என்று தீர்த்தல்' என்று நேராகவே போட்டிருக்கிறார்கள். நம் முன்னோர் தெரிந்துதான் எழுதினார்கள். சொல்லை மாற்ற வேண்டாம்.

அப்புறம், ரோமர் 3:28. லூத்தர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது 'விசுவாசத்தினால் மாத்திரம்' என்று மூலத்தில் இல்லாத 'மாத்திரம்' சேர்த்தார் என்று பெரிய ரகளை. வீட்டில் தாய், தெருவில் பிள்ளைகள், சந்தையில் சாதாரண ஆள் எப்படிப் பேசுகிறார்களோ அப்படித்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்று 1530இல் பதில் எழுதினார். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. 'விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான்'. அந்த ஏகாரம் பிரிநிலை ஏகாரம், 'இதுதான், வேறில்லை' என்று பிரித்துக் காட்டுவது. 'மாத்திரம்' அதற்குள்ளேயே இருக்கிறது. தமிழ் பிறவியிலேயே லூத்தரன்!


புக்கிட் மெர்தாஜாம், வியாழன் காலை 6.40

பிரிக்பீல்ட்ஸ் அண்ணே, ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகச் சிரித்தேன். ஆனால் யாக்கோபு 2:24ஐயும் அதே புத்தகத்தில் படியுங்கள். 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்'. உங்கள் ஏகாரத்துக்குள்ளேயே மாத்திரம் இருந்தால், அதன் பின்னாலேயே இன்னொரு மாத்திரம் எதற்கு? 'கிரியைகளினாலேயும்' என்பதில் ஏகாரமும் உம்மையும் ஒன்றாக நிற்கின்றன. பிரித்து நிறுத்தும் ஏகாரத்தோடு 'இதுவும்' என்று சேர்க்கும் உம்மை எப்படிக் குடித்தனம் நடத்தும்? அது வெறும் அசை அண்ணே, தனிப் பொருள் இல்லாதது.

'திருடனாக்கிட்டாங்க' நல்ல உதாரணம். ஆனால் அந்தப் பையன் அழுவது அவன் திருடன் இல்லை என்பதால்தான். நாம் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உண்மை வேறு, முத்திரை வேறு. கத்தோலிக்கர் நாங்கள் அன்றிலிருந்து கேட்பதும் அதைத்தான். கடவுள் சொல்லும் தீர்ப்பு வெறும் முத்திரையா, உள்ளே ஒன்றும் நடக்கவில்லையா? 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்றதும் வெளிச்சம் உண்டானதே.

எங்கள் 'ஏற்புடையவர்' பற்றி: ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் தளர்ந்த சொல்தான். அதோடும் 'ஆக்கினார்' வந்து ஒட்டிக்கொள்கிற இடம் உண்டு. ஆனால் 1999 அக்டோபர் 31இல் லூத்தரன்களும் நாங்களும் கையெழுத்திட்ட கூட்டறிக்கையின் மைய வாக்கியத்திலும், நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றுதான் வருகிறது. ஆக, 'ஏற்பு' இருதரப்பும் ஒத்துக்கொண்ட சொல்.

கையெழுத்து நடந்த இடம் ஆக்ஸ்பர்க் நகரின் புனித அன்னாள் ஆலயம். 1505இல் இடிமின்னலுக்குப் பயந்து லூத்தர் துறவியாகிறேன் என்று நேர்ந்துகொண்டதும் அதே அன்னாளிடம். எங்கள் ஊர் அன்னாள் ஆலயத்துக்கு ஜூலைத் திருவிழாவில் வந்து பாருங்கள், மெழுகுவர்த்தி ஏந்தி நிற்பவர்களில் லூத்தரன் முகங்களும் தெரியும். யாரும் கேட்பதில்லை.


பட்டர்வொர்த், வியாழன் காலை 7.15

ஏகாரம் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து வகை என்கிறார் தொல்காப்பியர். புக்கிட் மெர்தாஜாம் டீச்சர் சொல்லும் அசை ஈற்றில் வருவது, இது இடையில் நிற்கிறது. ஆகவே தேற்றம், அதாவது உறுதிப்பொருள். இரண்டு பேர் சொன்னதும் தவறு.

அது கிடக்கட்டும். 'ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்' என்று லூத்தர் சொன்னதாக அம்மா தனிமடலில் கேட்டிருந்தார். அதற்குத் தமிழில் தயாராக ஒரு வரி இருக்கிறது. வழக்குரை காதையில் பாண்டியன், 'யானோ அரசன், யானே கள்வன்'.


கிள்ளான், வியாழன் காலை 10.00

ஐயா, நீங்கள் சொல்லிக்கொடுத்த இலக்கணத்தாலேயே உங்களை மறிக்கிறேன். 'யானோ' என்பதில் உள்ள ஓகாரம் எதிர்மறை. நான் அரசன் இல்லை, நான்தான் கள்வன் என்கிறான். இரண்டும் ஒன்றாக இல்லை, ஒன்று போய் மற்றது வந்தது. அந்த இடத்திலேயே விழுந்து செத்தும் போனான். லூத்தரின் பாவி சாவதில்லை, மறுநாள் காலை எழுந்து வேலைக்குப் போகிறான்.


ஜெலுத்தோங், வியாழன் மாலை 6.30

நான் வேலை முடிந்து வீடு திரும்பும்போது தோன்றியது. டச் அண்ட் கோ அட்டை, முன்கூட்டியே காசு ஏற்றி வைத்துப் பயணத்துக்குத் தட்டுகிறோமே, அது. தன்னால் அதில் ஒரு சென் இல்லை. அப்பா காசு ஏற்றிவிடுகிறார். நான் தட்டினால் கதவு திறக்கிறது. கதவு என் சம்பளத்தைக் கேட்பதில்லை, ஏற்றியது யார் என்றும் கேட்பதில்லை. ஆபிரகாமின் விசுவாசம் 'நீதியாக எண்ணப்பட்டது' என்பதில் இருக்கும் அந்த 'எண்ணு' கணக்குப் புத்தகச் சொல்தானே. அப்படியானால் 'நீதியேற்றம்' என்று வைத்தால் என்ன?


பட்டர்வொர்த், வியாழன் மாலை 6.48

தம்பி, அபாரம். ஏல் + தல் = ஏற்றல், பெற்றுக்கொள்வது. ஏற்று + அல் = ஏற்றல், மேலே சுமத்துவது. மனிதன் ஏற்கிறான், கடவுள் ஏற்றுகிறார், இரண்டும் ஒரே ஓசையில். 'நீதி' மட்டும் உறுத்துகிறது. 'செப்பவேற்றம்' எனலாம்.


புக்கிட் மெர்தாஜாம், வியாழன் இரவு 8.10

காசு ஏற்றிய பின்னும் அட்டை அதே பிளாஸ்டிக்தான். எங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் புரியும், அதனால் எதிர்க்கவில்லை. 'செப்பவேற்றம்' வேண்டவே வேண்டாம்.


பிரிக்பீல்ட்ஸ், வியாழன் இரவு 9.00

விலையேற்றம், பெட்ரோல் விலையேற்றம், இப்போது நீதியேற்றம். பிரசங்கத்தில் சொன்னால் ஜனங்கள் பணப்பையைத் தடவிப் பார்ப்பார்கள். என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளவும்.


செந்தூல், வெள்ளி காலை 11.20

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது. தலைப்பிலும் வசனங்களிலும் 'நீதிமானாக்கப்படுதல்' அப்படியே இருக்கும். கத்தோலிக்கப் பத்தியில் 'ஏற்புடைமை'. லூத்தரன் பத்தியில் கணக்கில் எண்ணுவதை விளக்கும் ஒரே இடத்தில் 'நீதியேற்றம்', பக்கத்தில் டச் அண்ட் கோ உதாரணம். கிள்ளான் ஐயாவுக்கு அரைப் பக்கம் கொடுத்தாகிவிட்டது. பட்டர்வொர்த் ஐயாவின் 'செப்பமெனல்' இந்த முறை இல்லை, கோபிக்க வேண்டாம்.


செந்தூல், ஞாயிறு இரவு 9.45

வகுப்பு நன்றாக நடந்தது. சொல்லைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி 'நீதியேற்றம்' பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏறினது எறங்குமா, பாப்பா?"

மூன்று சபையாரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். லூத்தரன் போதகர், விசுவாசத்தை ஒருவன் இழக்கலாம், 1530 ஆக்ஸ்பர்க் அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது என்றார். கத்தோலிக்கர் ஒருவர் சாவான பாவம் (அருளை இழக்கவைக்கும் பெரும்பாவம்), பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுதல்) என்று தொடங்கினார். சீர்திருத்தக் காலத்து இன்னொரு தலைவரான கல்வின் வழிச் சபைக்காரர் ஒருவரும் எப்படியோ வந்திருந்தார், கடவுள் ஏற்றியது இறங்கவே இறங்காது என்று எழுந்து நின்றுவிட்டார். தேநீர் ஆறிப்போனது. கைப்புத்தகத்தில் இதற்குப் பக்கமே இல்லை. இரண்டாம் பதிப்புக்கு என்ன சொல் வைப்பது?


பட்டர்வொர்த், ஞாயிறு இரவு 9.58

அம்மா, மாற்றவே வேண்டாம். கிணற்றில் நீர் இறைக்கும் கருவிக்கும் 'ஏற்றம்' என்றுதானே பெயர்? அது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். இதன் வேர் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.


பிரிக்பீல்ட்ஸ், ஞாயிறு இரவு 10.02

ஐயா, நாளைக்கு வேண்டாம். தீபாவளிக்கு அப்புறம் எழுதுங்கள்.