ரத்தம் மாத்த வாங்கின கிடா

கரிசக்காட்டான், விளாத்திகுளம்:
கன்னி ரகத்துல 30 ஆடு வச்சிருக்கேன். சொந்தப் பட்டியில பிறந்த ஒரு கிடாக்குட்டி மூணு மாசத்துலயே 12 கிலோ நின்னுச்சு. விக்க மனசு வரல, அதையே பெட்டைகளைச் சினையாக்குற பொலிகிடாவா விட்டேன். குட்டிகளும் நல்லா எடை போட்டுச்சு. வருஷா வருஷம் எடை பார்த்து நல்ல பெட்டையா நிறுத்தினேன். நிறுத்தினது பூராவும் அதோட மகளும் பேத்தியும்தான். நோட்டுல எடை இருந்துச்சு, தகப்பன் யாருன்னு ஒரு வரி இல்ல.

நாலாவது வருஷம் ஒரு குட்டிக்குக் கீழ்த்தாடை குட்டை. காம்பைக் கவ்வ முடியாம பால் கடைவாயில வழிஞ்சுது. பாட்டில்ல ஒம்பது நாள் ஓட்டினேன். பத்தாம் நாள் விடிய, சில்லிட்டுக் கிடந்துச்சு. ரெட்டை போட்ட ஆடெல்லாம் ஒத்தை போட ஆரம்பிச்சுது.

சொந்தத்துக்குள்ளயே சேர்ந்ததுதான் காரணம், வேற வம்சத்துக் கிடாவை விட்டு ரத்தம் மாத்துவோம்னு எட்டயபுரம் சந்தையில ஒரு கிடா பிடிச்சேன். வித்தவர்கிட்டப் பேச்சு வாக்குல கிடாவோட வம்சம் கேட்டா, அதோட தகப்பன் நான் வித்த குட்டி!

பால்காரன், பல்லடம்:
மாட்டுலயும் இதே கதைதானுங்கண்ணா. அமெரிக்காவுல 1962-ல பிறந்த சீஃப்னு ஒரு ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளை, 16,000 மகளுங்க. கூடவே ஒரு ஜீன் கோளாறும் பரவிருச்சு. அப்பன்வழி, ஆத்தாவழி ரெண்டுலயும் அது வந்தா கரு கலைஞ்சிரும். அப்படி 5 லட்சம் கரு போயிருக்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. ஆனா அந்தக் காளை வம்சத்தால கிடைச்ச பால் லாபம் நஷ்டத்தவிடப் பெருசுங்க. அதனால நல்ல காளை வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சினை ஊசி போட வர்றவர்கிட்டக் காளை நம்பர் கேட்டு எழுதி வெச்சுக்கறேன். சிரிக்கறாருங்க, சிரிக்கட்டும்.

கால்நடைப் படிப்பு, நாமக்கல்:
அண்ணா, அடுத்த தலைமுறைக்குப் பாதி ரத்தம் கிடாகிட்ட இருந்துதான் வருது. 30 பெட்டைக்கு 1 கிடான்னா, உறவுக் கலப்புக் கணக்குல, அதாவது சொந்தத்துக்குள்ளயே சேர்ற வேகத்துல, உங்க பட்டி ஆணும் பெண்ணும் சரிபாதியா இருக்கற வெறும் 4 ஆட்டுக்குச் சமம். பெட்டையை 60 ஆக்கினாலும் அதே 4-தான். கிடாவை 2 ஆக்குங்க, ஏழரைக்கு வரும். ரெண்டும் ஒரே வம்சமா இருக்கக் கூடாது. மக சினைக்கு வர்றதுக்குள்ள தகப்பனை மாத்திருங்க.

கரிசக்காட்டான், விளாத்திகுளம்:
இப்ப ரெண்டு கிடா தம்பி, ஒண்ணு சாத்தூர் பக்கத்துது. அதோட குட்டி ஒரு கிலோ கம்மியாத்தான் நிக்குது. வியாபாரி வந்தா அந்தக் குட்டிகளை மட்டும் வேண்டாம்னு ஒதுக்கிட்டுப் போறான். ஆனா போன ஈத்துல எல்லாக் குட்டியும் தானாவே பால் குடிச்சுது.