நான்கு தொட்டி அமைப்பு: கணினியில் அடங்கும் நீர்மட்டம் ஆய்வகத்தில் ஏன் வழிந்தோடுகிறது?

மட்டக்கோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கருவியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் நான்கு தொட்டி அமைப்பு ஒன்று உள்ளது. கீழே இரண்டு, அவற்றின் தலைக்கு மேல் இரண்டு என ஒரே விட்டமுள்ள நான்கு அக்ரிலிக் தொட்டிகளும் இரண்டு பம்புகளும் கொண்டது அது. முதல் பம்பு ஏற்றும் நீர் ஒரு கைவால்வில் பிரிந்து, ஒரு பங்கு கீழுள்ள முதல் தொட்டிக்கும், மீதி குறுக்கே மேலுள்ள நான்காம் தொட்டிக்கும் செல்கிறது. நான்காம் தொட்டி இரண்டாம் தொட்டிக்குள் வடிகிறது. இரண்டாம் பம்பும் அவ்வாறே இரண்டாம் தொட்டிக்கும் மேலுள்ள மூன்றாம் தொட்டிக்கும் நீரைப் பகிர்கிறது. மூன்றாம் தொட்டி முதல் தொட்டிக்குள் வடிகிறது. கீழிரண்டு தொட்டிகளின் மட்டத்தையும் இலக்கில் நிறுத்துவதே வேலை.

முதல் பம்புக்கு முதல் தொட்டி, இரண்டாம் பம்புக்கு இரண்டாம் தொட்டி என்று இணைத்து இரண்டு பிஐ கட்டுப்படுத்திகள் (பிழையின் அளவையும், அது நேரப்போக்கில் சேர்ந்த தொகையையும், அதாவது தொகையீட்டையும், பார்த்துப் பம்பை இயக்குபவை) வைத்தேன். அவற்றின் அளவுருக்களை, பறவைக் கூட்டம் இரை தேடுவதைப் போலச் சிறந்த எண்களைத் தேடும் பிஎஸ்ஓ உகப்பாக்கத்தால் தேர்ந்தெடுத்தேன். பிழையை நேரத்தால் பெருக்கிக் கூட்டும் ஐடிஏஇ அளவீட்டைக் குறைப்பதே இலக்கு. மேட்லாப் மென்பொருளில் அமைத்த கணினி மாதிரியில் இரு மட்டங்களும் 70 நொடிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆய்வகத்திலோ, தொடங்கிய சில நிமிடங்களில் முதல் பம்பு முழு வேகத்தில் ஓடுகிறது, இரண்டாம் பம்பு அறவே நின்றுவிடுகிறது, இரண்டாம் தொட்டி வழிந்து மேசையெல்லாம் நீராகிறது. கட்டுப்படுத்தி பிழைக்கு எவ்வளவு வலுவாக வினையாற்றுகிறது என்பதைக் குறிக்கும் கெயினைப் பாதியாக்கினேன், பிறகு கால் பங்காக்கினேன். வழிவதற்கு எடுக்கும் நேரம் கூடியதே தவிர, வழிவது நிற்கவில்லை.

ஓநாய்க் கூட்டம் வேட்டையாடுவதைப் போலத் தேடும் சாம்பல் ஓநாய் உகப்பாக்கத்தை முயன்று பார்க்குமாறு என் நெறியாளர் சொல்கிறார். குறை உண்மையிலேயே அல்காரிதத்தில்தானா? இன்னொன்றையும் தயக்கத்தோடு கேட்கிறேன்: ஒரு விலங்கின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு விலங்கின் பெயரை வைப்பதுதான் கட்டுப்படுத்தி வடிவமைப்பு ஆய்வு என்றால், இதில் நான் கண்டுபிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

வடிகால் எழுதியது:

உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது. கெயினைக் குறைத்தும் நிலைகுலைவு நீங்கவில்லை, மெதுவாகத்தான் வருகிறது என்றால், அது அளவுக்கு மீறிய கெயினால் வரும் ஊசலாட்டம் அன்று. எங்கோ குறி தலைகீழாக இருக்கிறது.

நடப்பதை நீரின் வழியே தொடர்ந்து பாருங்கள். முதல் தொட்டியின் மட்டம் சற்றுக் குறைகிறது என்று கொள்வோம். அதன் கட்டுப்படுத்தி முதல் பம்பை விரைவுபடுத்துகிறது. ஆனால் கைவால்வு பெரும்பங்கு நீரை மேலே நான்காம் தொட்டிக்கு அனுப்பும் நிலையில் இருந்தால், அந்த நீர் சிறிது நேரங்கழித்து இரண்டாம் தொட்டியில் வந்து சேர்கிறது. அங்கே மட்டம் ஏறுவதைக் கண்ட இரண்டாம் கட்டுப்படுத்தி தன் பம்பைக் குறைக்கிறது. அதனால் மூன்றாம் தொட்டி வற்றுகிறது. மூன்றாம் தொட்டியை நம்பியிருந்த முதல் தொட்டி மேலும் இறங்குகிறது. முதல் கட்டுப்படுத்தி இன்னும் விரைவுபடுத்துகிறது. இரண்டு கட்டுப்படுத்திகளும் தனித்தனியே தத்தம் கடமையைச் சரியாகத்தான் செய்கின்றன. சேர்ந்து செய்யும்போது அமைப்பைக் கவிழ்க்கின்றன. முடிவு நீங்கள் கண்டதேதான்: ஒரு பம்பு முழு வேகம், மற்றது பூச்சியம், இரண்டாம் தொட்டியில் வெள்ளம்.

இந்த அமைப்பைக் கார்ல் ஹென்ரிக் யோஹான்சன் 2000-இல் வெளியிட்ட கட்டுரை வழியாகத்தான் உலகமெங்கும் ஆய்வகங்கள் அறிந்தன. முதல் பம்பின் நீரில் நேரே முதல் தொட்டிக்குச் செல்லும் பங்கையும், இரண்டாம் பம்பின் நீரில் நேரே இரண்டாம் தொட்டிக்குச் செல்லும் பங்கையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1-க்கு மேல் என்றால் அமைப்பின் ஜீரோக்கள் (அதன் கணித மாதிரியில் வெளியீட்டைப் பூச்சியமாக்கும் எண்கள்) இரண்டும் கலப்பெண் தளத்தின் இடப்பாதியில் இருக்கும். 1-க்குக் கீழ் என்றால் ஒன்று வலப்பாதிக்குப் போய்விடும், கட்டுப்பாட்டின் வேகத்துக்கு வரம்பு விதிக்கும். அவர் எடுத்துக்கொண்ட இரண்டு நிலைகளில் ஒன்றில் பங்குகள் 0.70, 0.60, மற்றதில் 0.43, 0.34. தொட்டிகளும் பம்புகளும் மாறவில்லை. வால்வைத் திருப்பியது மட்டுமே வேறுபாடு.

எனவே என் கேள்வி ஒன்றே: உங்கள் மேட்லாப் மாதிரியில் உள்ள பங்குகள் எங்கிருந்து வந்தன? ஆய்வகக் கையேட்டிலிருந்து எடுத்திருந்தால், நான்கு தொட்டிகளின் வடிதுளைகளையும் ரப்பர் கார்க்கால் அடைத்துவிட்டு, ஒரு பம்பை மட்டும் ஒரே மின்னழுத்தத்தில் சிறிது நேரம் ஓட்டி, அது நீர் ஊற்றும் இரண்டு தொட்டிகளிலும் மட்டம் எவ்வளவு ஏறியது என்று அளவுகோலால் அளந்து சொல்லுங்கள்.

ஷிப்ட் இன்சார்ஜ் எழுதியது:

தம்பி, நான் ஆய்வாளன் அல்லன். ஆலைகளில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் முப்பது ஆண்டுகள் கழித்தவன். வடிகால் சொன்னதை அளந்து பாருங்கள். அதோடு என் பங்குக்கு இரண்டொன்று சொல்கிறேன்.

ஆலையில் ஒரு மட்டச் சுற்று ஆடத் தொடங்கினால், யாரும் முதலில் டியூனிங்கைத் தொடமாட்டோம். கட்டுப்படுத்தியை விலக்கிச் சுற்றை மேனுவலில் போடுவோம். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு அந்தச் சுற்றுக்குள் இருக்கிறது. நிற்காவிட்டால் வேறெங்கிருந்தோ வருகிறது. உள்ளேதான் என்றால் பெரும்பாலும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். கசிவை நிறுத்தவென்று யாராவது வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்டை இறுக்கியிருப்பார்கள். வெளியீட்டை இரண்டு சதவீதம் மாற்றினால் தண்டு அசையாது, இன்னும் ஒன்று மாற்றினால் குதிக்கும். அது அசையாமல் நின்ற நேரமெல்லாம் கட்டுப்படுத்தியின் தொகையீட்டுப் பகுதி கணக்கை ஏற்றிக்கொண்டே இருக்கும். உங்களிடம் இருப்பது பம்பு என்றாலும், குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை மேல்தொட்டிக்கு நீர் ஏறாது அல்லவா? அந்தச் செத்த பகுதி உங்கள் மாதிரியில் இருக்கிறதா? பம்பு முழு வேகத்தை எட்டியபின் தொகையீட்டை நிறுத்தும் ஆன்டி-வைண்ட்அப் இருக்கிறதா?

இன்னொன்று. உங்கள் பிஎஸ்ஓ கொடுத்த கெயின், தேடலுக்கு நீங்கள் வகுத்த எல்லையின் விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் இருந்தால் அந்த எண்ணை அல்காரிதம் கண்டுபிடிக்கவில்லை. எல்லையை எழுதிய நீங்கள்தான் கொடுத்திருக்கிறீர்கள். பம்பின் உச்ச வரம்பு இல்லாத மாதிரியில் பிழையை மட்டும் குறைக்கச் சொன்னால், ஓநாயும் அதே விளிம்பில்தான் போய் நிற்கும்.

மட்டக்கோல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை கார்க் வைத்து அளந்தேன். முதல் பம்பை ஓட்டியபோது முதல் தொட்டியில் 8.1 சென்டிமீட்டரும் நான்காம் தொட்டியில் 11.4 சென்டிமீட்டரும் ஏறின. இரண்டாம் பம்புக்கு, இரண்டாம் தொட்டியில் 6.9, மூன்றாம் தொட்டியில் 12.3. அதாவது பங்குகள் ஏறத்தாழ 0.415, 0.359, கூட்டுத்தொகை 0.77. என் மாதிரியில் இருந்தவை 0.70, 0.60. கையேட்டில் அச்சிட்டிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். இடையில் இளநிலை மாணவர்களின் செய்முறை வகுப்பு நடந்திருக்கிறது. வால்வை யார், எப்போது திருப்பினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஷிப்ட் இன்சார்ஜ் ஐயா கேட்டது போலவே, விகித கெயின் இரண்டும் தேடல் எல்லையின் விளிம்பில்தான் இருந்தன. ஆன்டி-வைண்ட்அப் இல்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மேல்தொட்டிகள் ஒரு மாற்றத்துக்கு எவ்வளவு விரைவாக ஈடுகொடுக்கின்றன என்று காட்டும் கால மாறிலியையும் வடியவிட்டு அளந்தேன். இரண்டும் சுமார் 40 நொடி.

வடிகால் எழுதியது:

வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒரு மாலை அளந்து, வழிதலுக்குக் காரணம் என்னவென்று உறுதியாகச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டீர்கள்.

இனிக் கணக்கு. எட்கர் பிரிஸ்டல் 1966-இல் முன்வைத்த, எந்தப் பம்பை எந்தத் தொட்டியோடு இணைப்பது என்று காட்டும் சார்பு கெயின் அணியில் உங்கள் இணைப்புக்கு உரிய உறுப்பு, இரு பங்குகளின் பெருக்கற்பலனை, கூட்டுத்தொகையிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் கிடைக்கும். உங்கள் மாதிரியின் பங்குகளுக்கு அது 1.4. உங்கள் மேசையில் இருக்கும் அமைப்புக்கு மைனஸ் 0.66. எதிர்க்குறி உள்ள இணைப்பில் இரண்டு சுற்றுகளிலும் தொகையீட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றும் தனியாகவும் இரண்டும் சேர்ந்தும் நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்க முடியாது. எந்த அல்காரிதம் எண்களைத் தேர்ந்தாலும் இது மாறாது. இணைப்பை மாற்றுங்கள்: முதல் பம்பு இரண்டாம் தொட்டியையும், இரண்டாம் பம்பு முதல் தொட்டியையும் பார்த்துக்கொள்ளட்டும். அப்போது உறுப்பு 1.66 ஆகிவிடும்.

ஆனால் 70 நொடியை மறந்துவிடுங்கள். நீங்கள் கொடுத்த அளவுகளின்படி வலப்பாதி ஜீரோ நொடிக்கு 0.015 ரேடியனுக்குச் சற்றுக் கீழே வருகிறது. கட்டுப்படுத்தியும் அமைப்பும் சேர்ந்த மூடிய சுற்றின் பட்டையகலம், அதாவது அது எதிர்வினை காட்டும் வேகம், அதில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாள் கைக்கணக்கு. பாதி என்றால் சுமார் 0.0073, அதற்கு நிகரான கால மாறிலி 136 நொடி. மட்டம் அடங்குவதற்கு அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது ஒன்பது நிமிடம், ஆகலாம். யோஹான்சனும் தம் இரண்டாம் நிலையில் அடங்கும் நேரம் ஏறத்தாழ பத்து மடங்கு நீண்டதையே கண்டார். பின்னூட்டத்தால் போல்களை (அமைப்பு நிலையாக இருக்குமா, எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்களை) நகர்த்தலாம். ஜீரோவை நகர்த்த முடியாது. அதை வலப்பாதியிலிருந்து இடப்பாதிக்கு நகர்த்துபவை அந்தக் கைவால்வுகள் மட்டுமே.

தலைகீழ் ஊசல் எழுதியது:

தாமதமாக வருகிறேன். பிஐ-யை விட்டுவிட்டு எல்க்யூஜி, எம்பிசி போன்ற மேம்பட்ட கட்டுப்பாட்டு முறைகளுக்கு மாறினால் இந்த வரம்பு நீங்கும் என்று யாராவது அடுத்து எழுதக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: நீங்காது. எம்பிசி பம்பின் உச்சவரம்பை முறையாகக் கையாளும், இரு தொட்டிகளையும் ஒன்றாகப் பார்க்கும். அது மெய்யான ஆதாயமே. ஆனால் ஜீரோ விதிக்கும் வரம்பு எல்லா நேரியல் பின்னூட்டக் கட்டுப்படுத்திக்கும் பொதுவானது. எல்க்யூஜி-யைப் பொறுத்தவரை, அதற்கு உறுதியளிக்கப்பட்ட நிலைத்தன்மை விளிம்பு என்ன என்ற கேள்விக்கு ஜான் டாயில் 1978-இல் எழுதிய கட்டுரையின் சுருக்கம் ஆங்கிலத்தில் மூன்றே சொற்கள். எதுவும் கிடையாது என்பதே அவற்றின் பொருள்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டின் கருவியியல் துறைகள் பலவற்றில் கூம்புத் தொட்டி ஒன்று இருக்கும். அதை வைத்து எழுதிய கட்டுரைகளும் ஏராளம். அவற்றில் எனக்குப் பிடித்தவை, தொட்டி என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குபவை. கூம்பின் பரப்பு உயரத்தின் இருபடியாக வளர்வதால், மட்டம் 10 சென்டிமீட்டரிலிருந்து 40-க்குப் போகும்போது கெயின் இரண்டு மடங்குதான் ஆகிறது, கால மாறிலியோ 32 மடங்கு ஆகிறது. இதைக் கணக்கிட்டவருக்கு, மட்டத்தைப் பொறுத்துக் கெயினை மாற்றும் அட்டவணை ஏன் வேண்டும் என்பதும் எங்கே எத்தனை படி வேண்டும் என்பதும் தானாகத் தெரியும். கணக்கிடாதவர் ஒரே பிஐடி கட்டுப்படுத்திக்கு ஐந்து உகப்பாக்க முறைகளை ஓடவிட்டு ஓர் ஒப்பீட்டுப் பட்டியல் போடுவார்.

உங்களுக்குக் கிடைத்திருப்பதோ அதைவிட நல்ல கேள்வி. பங்குகளின் கூட்டுத்தொகை 1-ஐக் கடக்கும்போது, நிலையான நிலையில் அமைப்பின் கெயின் அணியின் அணிக்கோவை குறி மாறுகிறது. இரண்டு தடங்களிலும் தொகையீடு உள்ள மாறாத நேரியல் கட்டுப்படுத்தி எதுவானாலும், அது ஒரு பக்கத்தில் நிலையாக இருந்தால் மறுபக்கத்தில் மூடிய சுற்றின் ஒரு போலாவது வலப்பாதிக்குப் போயே தீரும், அமைப்பு நிலைகுலையும். அதாவது, யாரோ ஒருவர் தெரியாமல் திருப்பிய வால்வை எந்த ஒரே கட்டுப்படுத்தியாலும் இரு பக்கமும் சமாளிக்க முடியாது. அப்படியானால், இரண்டு பம்புகளின் மின்னழுத்தத்தையும் கீழிரண்டு மட்டங்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு, தொட்டி வழிவதற்கு முன்பே, அமைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எவ்வளவு விரைவாக அறிய முடியும்? அறிந்தபின் இணைப்பை மாற்றும் நொடியில் பம்புகள் துள்ளாமல் எப்படி மாற்றுவது? கூட்டுத்தொகை 1-ஐ ஒட்டி இருக்கும்போது இரு மட்டங்களையும் தனித்தனியே ஆளவே முடியாது என்பதால், அங்கே எதை விட்டுக்கொடுப்பது? இவற்றுக்குக் கருவி உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

நெறியாளரிடம் பேசும்போது ஓநாயை மறுத்துத் தொடங்க வேண்டாம். 8.1, 11.4 என்ற இரண்டு எண்களைக் காட்டித் தொடங்குங்கள்.

மட்டக்கோல் எழுதியது:

இணைப்பை மாற்றி, ஆன்டி-வைண்ட்அப் சேர்த்து, கெயினைக் கையாலேயே தாழ்வாக வைத்து இன்று காலை ஓட்டினேன். முதல் தொட்டியின் இலக்கை 2 சென்டிமீட்டர் உயர்த்தியபோது அது அடங்க 11 நிமிடம் ஆயிற்று. இரண்டாம் தொட்டி சற்று அலைந்துவிட்டுத் திரும்பியது. மேசை உலர்ந்தே இருந்தது. நெறியாளர் இரண்டு எண்களையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, வால்வை ஓட்டத்தின் நடுவே திருப்பினால் என்ன ஆகும் என்று அவராகவே கேட்டார். திங்கட்கிழமை அதைத்தான் செய்யப்போகிறோம்.

ஷிப்ட் இன்சார்ஜ் எழுதியது:

நல்லது தம்பி. திங்கட்கிழமைக்கு முன் ஒரு வேலை: இரண்டு கைவால்வுகளின் தண்டிலும் உடலிலும் சேர்த்துச் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். யாராவது தொட்டால் கோடு விலகியிருப்பது வாசலிலிருந்தே தெரியும்.