முதல் வருஷ எம்பிபிஎஸ்: படிச்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

குளச்சலிலிருந்து:

இந்த வருஷம் சீட் கிடைச்ச நம்ம கன்னியாகுமரி மாவட்டப் பிள்ளைகளுக்காக எழுதுறேன். நான் தமிழ் மீடியம், அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனவள். அனாடமி (உடற்கூறு), பிசியாலஜி (உடல் இயங்குற விதம்), பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்), மூணே பாடம்தானேன்னு நினைச்சேன். காலேஜ் வைக்கிற முதல் இன்டர்னல் தேர்வில் அனாடமி போச்சு. பிளஸ் டூவில் படிச்ச மாதிரி வரிக்கு வரி மனப்பாடம் பண்ணியிருந்தேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஹியூமரஸை (மேல்கை எலும்பை) கையில் கொடுத்து, "வலதா, இடதா?"ன்னு கேட்டதும் வாயே திறக்கல. உருண்டைத் தலை மேலே, உள்பக்கம் பார்க்கணும். முழங்கைப் பக்கம் இருக்கிற ஒலிக்ரனான் குழி பின்னால வரணும். அப்படிப் பிடிச்சாலே எந்தக் கை எலும்புன்னு தெரிஞ்சிடும். எலும்பைக் கையில் வச்சுக்கிட்டே, சத்தமா சொல்லிப் படிங்க மக்களே. இங்கிலீஷ் பயமும் அப்படித்தான் எனக்குப் போச்சு.

டிசெக்ஷன், அதாவது இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கிறது, தொடங்கும் முன்னால, உடலைத் தானம் செஞ்சவருக்கு முன்னால நின்னு உறுதிமொழி எடுத்தோம். உடல் கெடாம இருக்கப் போடுற ஃபார்மலினில் கண்ணு எரியும், சில நாளில் பழகிடும். அக்குளில் பிரேக்கியல் பிளெக்சஸை (கைக்குப் போற நரம்புப் பின்னலை) தேடும்போது, அவசரத்தில் ஃபோர்செப்ஸால் இழுத்து ஒரு கிளையை அறுத்துட்டேன். ராத்திரி ஹாஸ்டலில் அழுகை. எங்க அப்பா வலையில் சிக்கு எடுக்கும்போது இழுக்கவே மாட்டாங்க. முடிச்சு எங்கே இருக்குன்னு விரலால தடவிப் பார்த்து, ஒவ்வொரு கண்ணியா தளர்த்துவாங்க. மறுநாள் அதே மாதிரி கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா விலக்கினேன். ரெண்டு பக்கத்திலிருந்து ரெண்டு வேர் வந்து, ரத்தக்குழாய்க்கு முன்னால சேர்ந்து, மீடியன் நரம்பா இறங்குறதைப் பார்த்தேன். அதை இன்னைக்கும் புத்தகம் பார்க்காம வரைவேன்.

தக்கலையிலிருந்து:

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. வருகைப்பதிவையும் பார்த்துக்கோங்க: தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வேணும். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரணும்னா, முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கோங்க.

2019-இல் வந்த பாடத்திட்டப்படி முதல் வருஷமே நோயாளிகளைப் பார்க்க வைப்பாங்க. எங்களுக்குக் காட்டினது ரப்பர் பால்வெட்டுக்குப் போற ஒரு அண்ணனை. விழுந்து மேல்கை எலும்பு முறிஞ்சு, மணிக்கட்டு தொங்கிப் போயிருந்தது. ஹியூமரஸின் பின்பக்கப் பள்ளத்தில், மணிக்கட்டைத் தூக்க வைக்கிற ரேடியல் நரம்பு ஓடுறதை அந்த வாரம்தான் படிச்சிருந்தேன். "இனி கத்தி பிடிக்க முடியுமா மக்கா?"ன்னு என்னைக் கேட்டாரு. பதில் சொல்லத் தெரியல. அன்னைக்கு ராத்திரி ரேடியல் நரம்பை முதல்லேர்ந்து படிச்சேன்.