ஒரே வெள்ளி நானோதுகள் கடல்நீரில் ஒருவிதமாகவும் சீரத்தில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வது ஏன்?

கேட்டவர்: மண்டபம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக, மண்டபம் கரையில் ஒதுங்கிய கட்டக்கோரைப் பாசியை அலசி, நிழலில் உலர்த்தி, வெந்நீரில் சாறு எடுத்து, அதனுடன் சில்வர் நைட்ரேட் சேர்த்து வெள்ளி நானோதுகள்களைத் தயாரித்தேன். கரைசல் தேன் நிறத்துக்கு மாறியது. நிறமாலைமானியில் 420 நானோமீட்டர் அருகே, வெள்ளி நானோதுகளின் அடையாளமான உச்சம் தெரிந்தது. மையவிலக்கில் சுழற்றிக் கழுவிய துகள்களைக் காய்ச்சி வடித்த நீரில் சோதித்தபோது பாக்டீரியாக்கள் நன்றாகவே இறந்தன.

அதே துகள்களில் கடல்நீரைச் சில துளிகள் விட்டதும் நிறம் சாம்பலாகி, அடியில் வண்டல் படிந்துவிட்டது. கன்றின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் புரதம் நிறைந்த தெளிநீர்) சேர்த்தபோது நிறமும் மாறவில்லை, வண்டலும் இல்லை. ஆனால் பாக்டீரியாவைக் கொல்லும் வீரியம் பெருமளவு குறைந்துவிட்டது. திரண்டு படிந்தால் வீரியம் போகும் என்பது புரிகிறது. படியாமல் இருந்தும் சீரத்தில் ஏன் போகிறது?

பதில் 1: தொண்டி, கடல் வேதியியல்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் பார்த்தவை இரண்டு தனித்தனி நிகழ்வுகள் என்பதால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கடல்நீரில் நடப்பது உப்பின் வேலை. துகள்களின் பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டம் அவற்றை ஒன்றையொன்று விலக்கி நிறுத்துகிறது. ஒரு மில்லிமோலார் சாதாரண உப்பு கரைந்த நீரில் அந்த விலக்கு விசை ஏறக்குறைய 10 நானோமீட்டர் தூரம் வரை எட்டும் என்றால், கிலோவுக்கு 35 கிராம் அளவில் உப்பு கரைந்துள்ள கடல்நீரில் அது 0.4 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுவதால், துகள்கள் நெருங்கியவுடன் ஒட்டிக்கொண்டு திரள்கின்றன. மைக்கேல் ஃபாரடே 1857-இல் செந்நிறத் தங்கக் கூழ்மத்தில் (தங்க நுண்துகள்கள் மிதக்கும் நீர்மத்தில்) உப்பைச் சேர்த்து, அது நீலமாக மாறியதைப் பதிவு செய்ததும் இதே நிகழ்வுதான். வெள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: துகளிலிருந்து கரைந்து வெளிவரும் வெள்ளி அயனிகளைக் குளோரைடு பிடித்து, சிறிதளவை சில்வர் குளோரைடாக வீழ்படியச் செய்கிறது, மீதியைக் கரையும் குளோரைடு அணைவுகளாக மாற்றுகிறது.

சீரத்திலும் உப்பு இருக்கிறது, ஆனாலும் திரளவில்லை. காரணம், துகள் சீரத்தைத் தொட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் அதன் பரப்பை மூடிவிடுகின்றன. இதைப் புரதக் கொரோனா என்கிறோம். 2007 வாக்கில் இப்பெயர் ஆய்வுலகில் நிலைபெற்றது. இந்த உறை துகள்களை நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்: ஒரு குழாயில் முதலில் அல்புமினும் (சீரத்தில் மிகுதியாக உள்ள புரதம்) பிறகு கடல்நீரும், இன்னொன்றில் முதலில் கடல்நீரும் பிறகு அல்புமினும் சேருங்கள். சேர்மானம் ஒன்றே, வரிசை மட்டும் வேறு. முதல் குழாயில் நிறம் பெரும்பாலும் நிற்கும், இரண்டாவதில் நிற்காது.

வீரியம் குறைவதற்கும் அந்தப் புரதங்களே காரணம். வெள்ளியின் நச்சுத்தன்மையில் பெரும்பங்கு அதிலிருந்து வெளிவரும் அயனிகளுடையது. புரதங்களில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத் தொகுதி வெள்ளி அயனியை மிக இறுக்கமாகப் பிடிப்பதால், அது பாக்டீரியாவைச் சென்றடைவதில்லை. உறை போர்த்திய துகளும் பாக்டீரியாவின் சுவரோடு நேரடியாக ஒட்ட முடிவதில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடலோரப் பாசியை எவ்வளவு அலசினாலும் சாற்றில் குளோரைடு எஞ்சக்கூடும். அப்போது நீங்கள் தயாரிப்பதில் ஒரு பகுதி சில்வர் குளோரைடாக இருக்கும். படிகம் எந்தப் பொருள் என்று காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் 38 பாகை அருகே தெரியும் உச்சம் உலோக வெள்ளி. 32 பாகை அருகே வலுவான உச்சம் இருந்தால் குளோரைடைச் சந்தேகியுங்கள். பாசிச்சாறு மட்டும், சில்வர் நைட்ரேட் மட்டும் என்ற இரு ஒப்பீடுகளும் இல்லாமல் வீரியத்தைத் துகளின் பெயரில் எழுத வேண்டாம்.

பதில் 2: கீழக்கரை, உயிர்வேதியியல் ஆசிரியர்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கொரோனா ஒருமுறை போர்த்தியதும் அப்படியே உறைந்துவிடுவதில்லை. அளவில் மிகுந்து, வேகமாக நகரும் அல்புமின் போன்றவை முதலில் வந்து ஒட்டும். பிறகு, எண்ணிக்கையில் குறைந்தாலும் பிடிப்பு மிகுந்த புரதங்கள் அவற்றைப் பெயர்த்துவிட்டு இடம் பிடிக்கும். இரத்தம் பட்ட கண்ணாடிப் பரப்புகளில் லியோ விரோமன் 1960-களில் கண்டறிந்த இந்த இடமாற்றம் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே, சீரத்தில் ஐந்து நிமிடம் வைத்த துகளும் ஒரு நாள் வைத்த துகளும் ஒன்றல்ல. ஆய்வேட்டில் நேரத்தையும் சீரத்தின் விழுக்காட்டையும் எழுதியே ஆக வேண்டும்.

ஒட்டிய புரதத்தின் வடிவமும் மாறலாம். பாலிஅக்ரிலிக் அமிலம் பூசிய தங்க நானோதுகளில் ஒட்டும் ஃபைப்ரினோஜன் என்ற இரத்த உறைவுப் புரதம் விரிந்து, உள்ளே மறைந்திருந்த பகுதி வெளியே தெரிய, வெள்ளணுக்களின் மேக்-1 ஏற்பி அதை அடையாளம் கண்டு அழற்சியைத் தூண்டுகிறது என்று 2011-இல் காட்டினார்கள். இதே உறை நன்மைக்கும் பயன்படுகிறது. 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் மருந்தைச் சுமக்கும் கொழுப்பு நானோதுகள், இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம்-ஈ தன்மேல் ஒட்டுவதால்தான் கல்லீரல் செல்களுக்குள் நுழைகிறது. செல் சந்திப்பது நாம் குடுவையில் செய்த துகளை அல்ல, உறை போர்த்திய துகளை என்பதை மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவே காரணம்.

பதில் 3: இறால் பண்ணையாளர்

படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு நடைமுறைக் கேள்வி. விப்ரியோ கிருமிக்கு நானோ வெள்ளி என்று சொல்லி மருந்து விற்க வருகிறார்கள். ஆய்வகத்தில் கொன்றதற்குப் படம் காட்டுகிறார்கள். குளத்தில் விட்டால் வேலை செய்யுமா?

பதில் 4: தொண்டி, கடல் வேதியியல்

ஐயா, அந்தப் படம் எந்த நீரில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். உங்கள் குளத்தில் உப்பு, பாசி சுரக்கும் பசை, கரைந்த தீவனப் புரதம் ஆகிய மூன்றும் உண்டு. உப்பு துகளைத் திரட்டும். பசையும் புரதமும் அதைப் போர்த்தி, அயனிகளையும் பிடித்துக்கொள்ளும். எஞ்சியது அடிச்சேற்றில் இறங்கி, காற்றில்லாத கறுப்பு மண்ணின் சல்ஃபைடுடன் சேர்ந்து, எளிதில் கரையாத சில்வர் சல்ஃபைடாக மாறி அங்கேயே தங்கும். கரைந்த வெள்ளி குறைந்த அளவிலேயே நுண்பாசிக்கும் இறால் குஞ்சுக்கும் நஞ்சு. உங்கள் குளத்து நீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் செய்துகாட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்க வேண்டாம்.