பெருந்தமனிச் செல்களா, தொப்புள்கொடிச் செல்களா?

கேள்வி: தமனிச் சுவரில் கொழுப்பு படியும் தமனித் தடிப்பு நோயின் தொடக்கநிலை அழற்சியை ஆராய, எளிதில் கிடைக்கும் தொப்புள்கொடிச் சிரைச் செல்களே போதுமா, அல்லது மனிதப் பெருந்தமனியின் உட்சுவரை மூடியிருக்கும் எண்டோதீலியச் செல்களைத்தான் வளர்க்க வேண்டுமா?

பதில்: தொப்புள்கொடிச் செல்கள் 1970களிலிருந்தே வளர்க்கப்பட்டு வருபவை என்றாலும், அவை சிசுவின் சிரைத் திசுவைச் சேர்ந்தவை, கொழுப்புப் படிவு தோன்றுவதோ தமனியில். ஆகவே முதன்மையான முடிவுகளையேனும் தமனிச் செல்களில் உறுதிசெய்வது அவசியம்.

பதில்: மேற்கண்ட கருத்தை ஏற்கிறேன்; ஆனால் குருதியோட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. அசையாத ஊடகத்தில் வளரும் தமனிச் செல்கள், குருதியோட்டத்தின் உராய்வு விசை கிடைக்காததால், குருதிக்குழாயைத் தளர்த்திக் காக்கும் நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியைக் குறைவாகவே வெளிப்படுத்துகின்றன. சீரான ஓட்டம் செல்களைக் காக்கிறது. தமனி கிளைபிரியும் இடங்களில் காணப்படும் ஒழுங்கற்ற ஓட்டமோ அழற்சிக்கு வழிவகுக்கிறது. இந்த வேறுபாட்டை ஆராயாத சோதனை, நோயின் பாதியைத்தான் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பதில்: ஒரே கொடையாளரின் செல்களை மட்டும் நம்பாதீர்கள். மறுவளர்ப்பு (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் வளர்ப்பது) கூடக்கூட அவற்றின் இயல்பு மாறுவதால், தொடக்கத் தலைமுறைச் செல்களையே பயன்படுத்துங்கள்.