செவலையின் முடியை வெள்ளியில் வைத்துக் கழுத்தில் போட முடியுமா?

கேள்வி – திருமங்கலத்துக்காரி

வணக்கம். எங்கள் செவலை போன ஆவணியில் தவறிவிட்டாள். சிப்பிப்பாறை நாய். வயதாகிச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். கப்பலூர் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் அப்பாவே குழி வெட்டி, உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைத்தார். அதனால் சாம்பல் என்று எதுவும் கையில் இல்லை.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: சீவும்போது வந்த முடி ஒரு பிஸ்கட் டப்பாவில் கொஞ்சம், வயதான காலத்தில் விழுந்த ஒரு பல், கழுத்துப் பட்டையும் அதிலிருந்த சின்னப் பித்தளை மணியும். அப்புறம், வாசல்படிக்குச் சிமெண்ட் பூசிய அன்று காய்வதற்குள் அவள் நடந்து போன தடம் இன்னும் படியில் இருக்கிறது.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவு கடைசி ஆளாகத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவேன். நிறுத்தத்திலிருந்து வீடு வரை தெருவிளக்கு கிடையாது. செவலை அங்கேயே வந்து நின்று என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அப்பா வேண்டாம் என்று கட்டிப்போட்டாலும் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடுவாள். இப்போது அந்த வழியில் நடக்கும்போதுதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் படம் மாட்டியாகிவிட்டது. எனக்கு அது போதவில்லை. உடம்போடு இருக்கிற, கையால் தொட்டுப் பார்க்கிற ஒன்று வேண்டும்.

இணையத்தில் பார்த்ததெல்லாம் சாம்பலை அடைத்த டாலர், இல்லையென்றால் நீள முடியைப் பின்னி வைத்த லாக்கெட். செவலை முடி அரை அங்குலம்கூட வராது, பின்ன முடியாது. ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றலாமா, வெள்ளியில் செய்யலாமா? இவ்வளவு சின்ன வேலையை யாராவது எடுத்துச் செய்வார்களா?

இன்னொன்று. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “செத்ததோட முடியவா கழுத்துல போடுவ? கல்யாணம் ஆகப்போற புள்ள” என்கிறார். அம்மாவுக்குச் செவலை மேல் பாசம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் பழைய சோற்றைப் பிழியும்போது ஒரு கை தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம்தான் நினைவு வந்து நிற்கிறார்.

பதில் – அண்ணா நகர் ரெசின்

அக்கா, நான் வீட்டில் ரெசின் டாலர், சாவிக்கொத்து செய்கிறேன். குட்டை முடி ரெசினுக்கு ஒரு தடையே இல்லை. தூவினாற்போல் போட்டாலும் அழகாகத்தான் வரும். ஆனால் முடியில் துளி ஈரம் இருந்தாலும் உள்ளே குமிழி விழும், சுற்றிப் புகை படிந்த மாதிரி மங்கிவிடும். லேசான ஷாம்பூவில் அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் நன்றாகக் காய வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

எப்பாக்சி ரெசின் வெயில் பட்டால் நாளாவட்டத்தில் மஞ்சளாகும். மஞ்சளாகாது என்று விற்கிற வகையும் மெதுவாக ஆகும், அவ்வளவுதான். மதுரை வெயிலில் தினமும் பஸ்ஸில் போய் வருபவருக்கு இதைச் சொல்லாமல் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை ஊற்றிவிட்டால் முடியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால் இருக்கிற முடியில் ஒரு சிட்டிகைக்கு மேல் யாரிடமும், என்னிடமும்கூட, கொடுக்காதீர்கள்.

பதில் – பத்தர் வீட்டுப் பிள்ளை

தங்கச்சி, எங்கள் குடும்பம் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் வெள்ளி வேலை செய்கிறது. நீங்கள் தேடுகிற பொருள் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. தாயத்து.

குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுகிறோம் இல்லையா? உங்கள் அம்மா உங்களுக்கும் கட்டியிருப்பார். பாசம் வைத்த உயிரின் உடம்பிலிருந்து வந்த ஒன்றை வெள்ளியில் மூடி உடம்போடு வைத்துக்கொள்வது நம் வீடுகளில் குற்றமாக இருந்ததே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வாதாட வேண்டாம், காட்டினால் போதும்.

இனி வேலையைப் பற்றி. வெளிநாட்டில் சாம்பலுக்கென்று விற்கிற குப்பி டாலரும் தாயத்தும் அமைப்பில் ஒன்றுதான்: உள்ளே வெற்றிடம் உள்ள குழாய், ஒரு பக்கம் நிரந்தர மூடி, மறுபக்கம் திறக்கிற மூடி. உங்களுக்குச் செய்கிறவர் குழாயையும், கீழ் மூடியையும், மேலே சங்கிலி கோக்கும் வளையத்தையும் பொடி (வெள்ளியைப் பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதி முடித்து, ஆறிய பிறகுதான் முடியை உள்ளே வைக்க வேண்டும். பொடி உருகவே 600, 700 டிகிரிச் சூடு வேண்டும். முடி அதற்கு வெகு முன்னாலேயே கருகிவிடும். “முடியைக் கொடுத்துட்டுப் போங்க, அடைச்சு வைக்கிறோம்” என்று யார் சொன்னாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காலிக் குப்பியை வாங்கிக்கொண்டு வந்து நீங்களே வீட்டில் வையுங்கள். அது உங்கள் கையால் நடக்க வேண்டிய காரியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முடியை ரப்பர் பேண்டால் கட்டக் கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். முடியிலும் கந்தகச் சத்து உண்டு, நாளானால் குப்பியின் உள்பக்கம் கறுக்கலாம். பருத்தி நூலால் கட்டி, பட்டர் பேப்பரில் சுருட்டி வைத்தால் வெள்ளியும் முடியும் நேராக ஒட்டாது. மூடிக்குத் திருகு போடச் சொல்லுங்கள். திருகி முடித்ததும் மரையின் மேல் துளி அரக்கு வைத்தால் வியர்வை இறங்காது, தானாகக் கழன்றும் வராது. அரக்கு சூட்டில் இளகும் என்பதால் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவ வேண்டாம்.

கோயிலைச் சுற்றித் தொங்கவிட்டிருக்கிற தாயத்துகளில் பல முலாம் பூசிய தகடு. 92.5 வெள்ளி என்று கேட்டு வாங்குங்கள். மீதி 7.5 பங்கு செம்பு, அது இருந்தால்தான் திருகு மரை தேயாமல் நிற்கும். சுத்த வெள்ளி இதற்கு மிருது. கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெரிய கடையில் கேட்பதைவிட மாடியில் பட்டறை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். சின்ன வேலை என்று யாரும் துரத்த மாட்டார்கள், விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பல்லைத் தனியாகக் கட்டித் தொங்கவிடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு புலிநகம், புலிப்பல், யானைமுடி மோதிரம் எல்லாம் தொடக்கூடாத வேலை. நாய்ப்பல்லுக்கு அந்தச் சட்டம் இல்லைதான், ஆனால் பார்ப்பவருக்கு எது எந்தப் பல் என்று தெரியாது, பத்தரும் பயப்படுவார். அதையும் குப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

பதில் – அலங்காநல்லூர் வாடிவாசல்

எங்கள் ஊரில் கோயில் காளை இறந்தால் மாலை போட்டு, கொட்டடித்து, ஊரே கூடி அடக்கம் செய்கிறது. நாய் என்றால் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எசமான் சண்டையில் விழுந்த பிறகும் திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற நாயை வீரன் பக்கத்திலேயே செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு! இருட்டில் உங்களைக் கூட்டிக்கொண்டு வந்த செவலைக்கு ஒரு வெள்ளித் தாயத்து அதிகம் இல்லை. அவள் பெயரையும் அதில் வெட்டச் சொல்லுங்கள்.

எங்கள் காளையின் சலங்கையிலிருந்து ஒரு மணியை எடுத்து வண்டிச் சாவியில் போட்டிருக்கிறேன். மணி என்பதால் வீட்டில் யாருக்கும் மறுப்பு வரவில்லை.

திருமங்கலத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. பத்தர் அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து என்னுடைய பழைய தாயத்தை எடுத்து வந்தார். கறுத்துப் போயிருக்கிறது. “இதைவிடக் கொஞ்சம் ஒல்லியாச் செய்யச் சொல்லு, பல்லு உள்ள போகுதான்னு பாத்துக்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும்.

கோவிவன் பற்றி அப்பாவிடம் சொன்னேன். ஒருநாள் போய்ப் பார்க்கலாம் என்கிறார்.

அண்ணா, இரண்டு சந்தேகம். பெயரோடு படியிலிருக்கிற அவள் கால் தடத்தையும் குப்பியில் வெட்ட முடியுமா? பித்தளை மணியை உருக்கி வெள்ளியோடு சேர்க்கலாமா?

பத்தர் வீட்டுப் பிள்ளை

உருக்க வேண்டாம். சேர்த்தால் வெள்ளியின் தரமும் போகும், மணியும் போகும். மணியைப் புளி போட்டுத் தேய்த்து, குப்பிக்குப் பக்கத்திலேயே சங்கிலியில் கோத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும்போது சத்தம் இடைஞ்சலாக இருந்தால் உள்ளே இருக்கிற நாக்கில் பஞ்சு சுற்றலாம்.

தடத்தைத் தாராளமாக வெட்டலாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, நேர் மேலேயிருந்து படம் எடுங்கள். சாய்வு வெளிச்சத்தில்தான் பள்ளம் தெளிவாகத் தெரியும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். லேசரில் வெட்டுபவர் அதை எந்த அளவுக்கும் சுருக்கிவிடுவார். ஆனால் உருண்ட குழாயில் தடம் சரியாக உட்காராது. ஒரு பக்கம் தட்டையாக இருக்கிற மாதிரி குப்பி செய்யச் சொல்லுங்கள், எழுத்தும் தடமும் அந்தப் பக்கம் வரட்டும். வெட்டுகிற வேலை முடிந்த பிறகுதான் முடியை உள்ளே வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.