கேமரா சார்ஜ் ஆகுது, கம்ப்யூட்டருக்கு மட்டும் கண்ணு தெரியலை!

கேள்வி:
அக்கா பையனோட பிறந்தநாள்ல எடுத்த 212 படம் கேமராவுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. யூஎஸ்பி கேபிளைச் செருகினா சார்ஜ் விளக்கு எரியுது, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரலை. மூணு தரம் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. அக்கா தினமும் கேக்குறாங்க, பதில் சொல்லி மாளலை.

பதில் 1:
கேபிள் எங்கேருந்து எடுத்தீங்க? போன் சார்ஜரோடதா? சில மலிவு கேபிள்ல மின்சாரம் போற ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போற கம்பியே இருக்காது. சார்ஜ் ஏறும், படம் வராது. வேற கேபிள் போடுங்க, ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலதாப் பிரிக்கிற பெட்டி) வேண்டாம், நேரா கம்ப்யூட்டர்லயே செருகுங்க. கேமராவையும் ஆன் பண்ணி வைங்க (நான் இதை மறந்துட்டு ஒரு மணி நேரம் போராடியிருக்கேன்).

கேட்டவர்:
சார்ஜர் கேபிளேதான்! மாத்தினதும் 'டிங்'னு சத்தம் வந்துச்சு. ஆனா பென்டிரைவ் மாதிரி டிரைவ் எழுத்து வரலையே?

பதில் 2:
வராது. பல கேமரா பிடிபி (படம் அனுப்புறதுக்குன்னே இருக்கிற முறை) வழியாத்தான் கம்ப்யூட்டரோட பேசும், அதனால டிரைவா இல்லாம கேமரா ஐகானா மட்டும் தெரியும். அதைத் திறந்து டிசிஐஎம் (DCIM, கேமரா படங்களைச் சேமிக்கிற இடம்) ஃபோல்டருக்குள்ள பாருங்க. அதுவும் சொதப்பினா மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல செருகுங்க. ரொம்பப் பழைய ரீடர் எஸ்டிஹெச்சி (2 ஜிபிக்கு மேல கொள்ளுற எஸ்டி வகை) கார்டைப் படிக்காது. 'ஃபார்மேட் பண்ணவா'ன்னு கேட்டா தப்பித் தவறியும் சரின்னு அழுத்திடாதீங்க.

கேட்டவர்:
டிசிஐஎம்ல 212-ம் இருக்கு. 40 படம் என் கட்டைவிரல்தான். அக்காகிட்ட இன்னும் சொல்லலை.